இருபத்துநான்கு பாட்டில் ஏரித்தண்ணீர்

நான் போக ஆசைப்பட்டது லிஸ்பன். போனது பழவேற்காடு. இரண்டும் கடலோரத்தில் இருக்கின்றன என்பதைத் தவிர வேறு ஒற்றுமை உண்டா என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் லிஸ்பனை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

லிஸ்பனில் நடக்கவிருந்த ஒரு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பியிருந்தேன். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். அதோடு பகுதிநேர முனைவர் பட்டம், எட்டாவது ஆண்டாக. ஆராய்ச்சி எதைப் பற்றி என்று யாராவது கேட்டால், "உப்புத்தண்ணியில கரண்ட் விட்டு அதை ஓடவைக்கிறதுங்க" என்பேன். கேட்டவர் ஓரடி பின்னால் நகர்ந்துகொள்வார். அவர் பயப்படத் தேவையில்லை. எல்லாமே கணினிக்குள்தான் நடக்கிறது.

தலைமுடி அகலத்துக்கு ஒரு வாய்க்கால். அதன் தரையில் குறுகலாக ஒன்று, அகலமாக ஒன்று என்று உலோகப் பட்டைகள். மேலே உப்புநீர். பட்டைகளுக்கு மாறுதிசை மின்சாரம் கொடுத்தால், நீரில் கரைந்திருக்கும் உப்பின் மின்துகள்கள் பட்டைமேல் வந்து கூடும். மின்புலம் அவற்றை இழுக்கும், அவை நீரை இழுக்கும். மின்சாரம் நொடிக்கு ஆயிரம் தடவை திசை மாறினாலும் நீர் ஒரே பக்கம்தான் போகும், ஏனென்றால் பட்டைமேல் கூடுகிற துகள்களும் கூடவே மாறிவிடுகின்றன. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் புல்லரிக்கும். என் மனைவிக்குக் கொட்டாவி வரும்.

இந்த வாய்க்காலை வைத்து, மோட்டார் எதுவும் இல்லாமல், ஒரு சொட்டு ஏரித்தண்ணீரை உள்ளே ஓடவிட்டு இறால் நோயைக் கண்டுபிடிக்கும் உள்ளங்கைக் கருவி செய்யலாம் என்று கட்டுரையின் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தேன். "பழவேற்காடு போன்ற உவர்நீர் ஏரிகளில் பெரிதும் பயன்படும்" என்று முடித்திருந்தேன். பழவேற்காட்டை வரைபடத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அதன் உப்பின் அளவை நாற்காலியில் உட்கார்ந்தபடி தேர்ந்தெடுத்தேன். என் கணக்கில் அது ஒன்று. ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு சிட்டிகை உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவில்தான் என் நீர் அழகாக ஓடியது.

மாநாட்டிலிருந்து பதில் வந்தது. பெயர் தெரியாத ஒரு மதிப்பீட்டாளர், நாற்பது சமன்பாடுகளையும் தாண்டிப்போய் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "கட்டுரையாசிரியர் இந்த ஏரியின் நீரை அளந்திருக்கிறாரா?"

அளப்பதாவது, நான் ஏரியையே பார்த்ததில்லை.

ஆகவே ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், வேதியியல் துறையில் இரவல் வாங்கிய உப்பு மீட்டர் ஒன்றும், முதுகுப்பை நிறைய காலி பாட்டில்களுமாகப் பழவேற்காட்டில் பேருந்தைவிட்டு இறங்கினேன். மீட்டரைக் கொடுத்த ஆய்வக உதவியாளர் ஏதோ ஐந்து நிமிடம் விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டே செல்போனில் லிஸ்பனின் தட்பவெப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் வேடசந்தூர்க்காரன். எங்கள் ஊரில் தண்ணீர் லாரியில் வரும், பிளாஸ்டிக் குடத்தில் நிற்கும். இங்கே பேருந்து பாலத்தின்மேல் வந்தபோதே இரண்டு பக்கமும் தண்ணீராகவே கிடந்தது. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். வழியில் மீன்கூடையோடு பேருந்தில் ஏறிய ஒரு அம்மாள் என் காலின்மேல் கூடையை வைத்துவிட்டு, "கொஞ்சம் புட்ச்சிக்கோ நைனா" என்று சொல்லி வேறு யாருடனோ பேசப் போய்விட்டதால், என் கால்சட்டையில் அப்போதே ஏரியின் ஒரு மாதிரி சேகரமாகியிருந்தது.

எங்கள் கல்லூரிப் பேருந்து ஓட்டுநரின் மச்சான் தேசப்பன் என்னைக் கூப்பிட்டுப்போக வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருக்கும் ஒரு குப்பத்தில் வீடு. வீட்டுக்குப் போனதும் பையைத் திறந்து பாட்டில்களைத் தரையில் அடுக்கினேன். அவர் மனைவி கன்னியம்மா சொம்பில் தண்ணீரோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா சார், ஆராய்ச்சின்னு சொல்லிட்டு இத்தினி குவாட்டர் பாட்டில் கொண்டாந்துகீறே?"

பழைய இரும்புக் கடையில் வாங்கியவை. தட்டையாக இருந்ததால் பையில் அடுக்க வசதி என்று வாங்கினேன். குடிப்பழக்கம் இல்லாததால் அந்தத் தட்டை வடிவத்துக்கு ஊர் உலகத்தில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எண்ணிப் பார்த்தார்கள். இருபத்துநான்கு. பக்கத்து வீட்டிலிருந்தும் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஃபைபர் படகில் ஏரிக்குள் போனோம். கொஞ்ச தூரத்தில் தேசப்பன் எஞ்சினை அணைத்துவிட்டு நீளக் கழியை எடுத்து ஊன்றித் தள்ள ஆரம்பித்தார். ஆழம் இல்லை. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரம் மணல் மூடி மாசக்கணக்கில் ஆகிறது என்றார்.

"கடத்தண்ணி உள்ள வந்து போனாத்தான் சார் ஏரிக்கு உசுரு. இப்ப வழி அடச்சுகிச்சு. வெயில்ல காஞ்சு காஞ்சு தண்ணி உப்பு ஏறிப்போச்சு. இறாலு வர்றதே இல்ல. நான் வாரத்துல மூணு நாளு மீஞ்சூர் கம்பெனிக்கு லோடு தூக்கப் போறேன். மழைக்கு முன்னால தோண்டி வுட்டாங்கன்னா இந்த வருஷம் பொழச்சுக்கலாம்."

நான் அக்கறையோடு தலையாட்டினேன். எனக்கு அப்போது படகு ஆடுவதுதான் கவலை.

"நீ இன்னா வேல சார் பண்றே, நெசமாலுமே?"

எப்போதும் சொல்வதைச் சொன்னேன். பின்னால் நகர அவருக்கு இடமில்லை. ஆகவே மேலும் விளக்கினேன். கணினியில் தண்ணீரைச் சின்னச்சின்னக் கட்டங்களாகப் பிரிப்போம், அதற்கு வலை என்றுதான் பெயர் என்றேன்.

"வலையா? கண்ணி எவ்ளோ?"

எட்டு ஆண்டுகளில் என் ஆராய்ச்சியைப் பற்றி யாரும் கேட்ட ஆகச் சரியான கேள்வி அதுதான். பட்டைக்குப் பக்கத்தில் ரொம்பச் சின்னக் கண்ணி, நடுவில் பெரிய கண்ணி என்றேன்.

"சரி. இன்னா மாட்டிச்சு?"

"இன்னும் ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

மீட்டரை முதல்முறை நீரில் நனைத்தேன். திரையில் தெளிவாக ஒரே ஓர் எண் வந்தது. ஒன்று.

நாற்காலியில் உட்கார்ந்து நான் நினைத்த அதே ஒன்று! அடுத்த இடத்தில் நனைத்தேன். ஒன்று. அடைபட்ட முகத்துவாரத்தின் மணல் ஓரத்தில் நனைத்தேன். ஒன்று. எங்கே நனைத்தாலும் துளி மாறாமல் ஒன்று. எந்த அலகில் ஒன்று என்று பார்க்கும் நிதானம் அப்போது எனக்கு இல்லை. மதிப்பீட்டாளருக்கு எழுதப்போகும் பதிலை மனதுக்குள் ஆங்கிலத்தில் அமைக்க ஆரம்பித்துவிட்டேன். அந்த மகிழ்ச்சியில் எழுந்து நின்றதில் படகு சாய்ந்து நீருக்குள் போனேன்.

"எனக்கு நீச்சல் தெரியாது!" என்று கத்தினேன்.

"எழுந்து நில்லு சார்" என்றார் தேசப்பன்.

நின்றேன். தண்ணீர் முழங்கால் வரை இருந்தது. ஒரு செருப்பு சேற்றில் போய்விட்டது. மீட்டரை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தேன். உதடு உப்புக் கரித்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் கன்னியம்மா மடவை மீன் குழம்பும் நண்டு வறுவலும் போட்டார். "ஏரி எறா போடணும்னு பாத்தேன், ஏரில கெடச்சாத்தானே" என்றார். எங்கள் ஊரில் மீன் என்றால் சந்தைக் கெண்டை, முள்ளைப் பொறுக்குவதிலேயே பசி போய்விடும். இங்கே நான் மூன்று தடவை சோறு வாங்கிக்கொண்டேன். நண்டின் காலை எந்தப் பக்கம் கடிப்பது என்று தெரியாமல் கடித்து, சாறு மீட்டர்மேல் தெறித்தது.

சாப்பிட்டு முடித்ததும் தேசப்பன் விஷயத்துக்கு வந்தார். திங்கட்கிழமை பொன்னேரியில் மீனவர் குறைகேட்புக் கூட்டம். முகத்துவாரத்தைத் தோண்டச் சொல்லி ஊர் சார்பில் மனு தயாராக இருக்கிறது. போனமுறை போனபோது, ஏரியில் உப்பு ஏறிவிட்டது என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார்களாம்.

"நீதான் மிஷின் வெச்சு அளந்துகீறியே சார். வந்த நம்பர அப்பிடியே ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டுக் குடு."

எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது. என் கையெழுத்துக்கு மதிப்பிருக்கிறது என்று மாணவர் வருகைப் பதிவேட்டுக்கு வெளியே யாரும் சொன்னதில்லை. நல்ல தமிழில் எழுதினேன்: "ஏரியின் பல இடங்களிலும் நேரடியாக அளந்ததில் உப்பின் அளவு ஒன்று எனக் கண்டறியப்பட்டது. ஏரி முழுவதும் இவ்வளவு சீராக உள்ளது." கீழே பெயர், பதவி, அடைப்புக்குறிக்குள் ஆராய்ச்சித் தலைப்பு.

தேசப்பன் படித்துப் பார்த்தார். "ஒண்ணுன்னா சார், ஜாஸ்தியா கம்மியா?"

எளிமையான கேள்வி. எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. "அது எதோட ஒப்பிடறோங்கிறதைப் பொறுத்துங்க" என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுத் தாளை இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஏரியின் மேற்குக் கரைக்குப் போனேன். ஆரம்பாக்கத்தில் நாலு பாட்டில் பிடித்தேன். மீட்டர் அங்கேயும் ஒன்று என்றது. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரா. லிஸ்பன் கிடைக்காவிட்டாலும் ஒரு எல்லையையாவது தாண்டுவோம் என்று அந்தப் பக்கமும் போய் மிச்சப் பாட்டில்களை நிரப்பினேன். ஒரு கடையில் இட்லி சாப்பிட்டேன், அதன்மேல் தூவியிருந்த மிளகாய்ப்பொடியில் கண்ணீர் வந்தது. வெளிநாடுதான், சந்தேகமில்லை.

திரும்பும் பேருந்தில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். படித்த காலத்தில் விடுதியில் என் அறைத்தோழன் நெல்லூர்க்காரன் என்பதால் எனக்குக் கொஞ்சம் புரியும். "பையில் பார், எத்தனை பாட்டில்" என்றார் ஒருவர். "ஆள் பார்த்தால் வாத்தியார் மாதிரி இருக்கிறானே" என்றார் மற்றவர். "அதனால்தான் ஊர்விட்டு ஊர் வந்து வாங்குகிறான்" என்று முதலாமவர் முடித்துவைத்தார்.

ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில், எல்லைச் சோதனைச்சாவடியில் பேருந்து நின்றது. ஒரு காவலர் ஏறி, எல்லார் பையையும் மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்து என் பையருகே நின்றார். ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னாது இது?"

"தண்ணி சார்" என்றேன்.

பேருந்தே சிரித்தது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"தண்ணின்னு நீயே சொல்றே. எத்தினி வெச்சுகீறே?"

"இருபத்திநாலு சார். ஏரித் தண்ணி சார். ஆராய்ச்சிக்கு."

பையோடு இறக்கிவிட்டார்கள். பேருந்து போய்விட்டது. காவலர் மரியாதையானவர்தான். நாற்காலி கொடுத்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். வாசனை எதுவும் இல்லை. மேலதிகாரி வந்து பார்க்கட்டும், அரைமணி நேரம் உட்காருங்கள் என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். எனக்குள் இருந்த உதவிப் பேராசிரியர் விழித்துக்கொண்டார். "சந்தேகமே வேண்டாம் சார், குடிச்சே காட்டுறேன். ஒரு குடத்துக்கு ஒரு சிட்டிகை உப்புதான் இதுல" என்று சொல்லி, ஆரம்பாக்கத்தில் பிடித்த பாட்டிலைத் திறந்து, சினிமாவில் குடிப்பதுபோல் அண்ணாந்து பாதியைக் கவிழ்த்தேன்.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வாய் உள்ளே போனது. அது காலையில் சாப்பிட்ட இட்லியையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தது. தொண்டை முதல் காது வரை எரிந்தது. காவலர் ஓடிப்போய்ப் பக்கத்துக் கடையிலிருந்து மோர் வாங்கி வந்தார். பிறகு அவரே பாட்டிலில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஐய, இவ்ளோ உப்பு கீது. கடல்தண்ணி கூட இப்பிடி இருக்காதே சார். இத வாயில ஊத்தலாமா, படிச்ச மனுஷன்?"

விட்டுவிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. மீட்டர் ஒன்று என்கிறது. என் நாக்கு வேறு எதையோ சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய். அதுவரை என் வாழ்க்கையில் இப்படிப்பட்ட வழக்குகளில் நாக்குதான் தோற்றிருக்கிறது.

பக்கத்து டீக்கடையில் ஒரு தம்ளர் கேன் தண்ணீர் வாங்கி மீட்டரை நனைத்தேன். மூன்று இலக்கத்தில் ஓர் எண் வந்தது. கடைக்காரரிடம் உப்பு கேட்டுக் கொஞ்சம் போட்டேன். எண் ஏறியது. இன்னும் கொஞ்சம். இன்னும் ஏறியது. இன்னும் ஒரு சிட்டிகை போட்டதும் எண்கள் அனைத்தும் மறைந்து, திரையின் இடது ஓரத்தில் தனியாக ஒன்று மட்டும் நின்றது.

அது எண்ணே இல்லை. "என்னால் இதற்குமேல் அளக்க முடியாது" என்று மீட்டர் கைவிரிக்கும் அடையாளம். குடிதண்ணீருக்கான மீட்டரை நான் ஏரியில் முக்கியிருக்கிறேன். அது இரண்டு நாளாக ஒவ்வோர் இடத்திலும் முடியவில்லை முடியவில்லை என்று சொல்லியிருக்கிறது. நான் அதைச் சீராக உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தேசப்பனுக்குப் போன் செய்தேன். கன்னியம்மா எடுத்தார். தேசப்பன் வலை எடுக்கப் போயிருந்தார்.

"அக்கா, நான் எழுதிக் குடுத்த பேப்பர் எங்க இருக்கு?"

"அதான் மனுவோட சேத்து பின் அடிச்சு ஊர்க்காரங்க நேத்து சாயங்காலமே பொன்னேரில கிளார்க்கு வூட்டுல குடுத்துட்டாங்களே சார். உன் லெட்டரத்தான் மொத பக்கமா வெச்சாங்க."

சென்னைக்கு ரயில் பிடித்துப் போய்விடலாம் என்ற எண்ணம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. ஆரம்பாக்கத்தில் நிலையம் இருக்கிறது, ரயிலும் இருக்கிறது. நிலையம்வரை நடந்தும் போனேன். அங்கே உட்கார்ந்திருந்தபோது, லோடு தூக்கப் போகிறேன் என்று தேசப்பன் சொன்னது ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அதைச் சொல்லும்போது நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையாட்டியதும் ஞாபகம் வந்தது. ஒரு ரயில் வந்து போனது. எழுந்து பேருந்து நிறுத்தத்துக்குத் திரும்பி நடந்தேன்.

குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தேசப்பன் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வலையை உதறி விரித்துக்கொண்டே இருந்தார். கன்னியம்மா பேசினார்.

"மிஷின்ல வர்றது நம்பரா இல்லியான்னு கூட தெரியாம நீ எதுக்கு சார் கையெழுத்து போட்டே? நாளைக்கு அந்த பேப்பர வெச்சே ஏரி நல்லாத்தான் கீதுன்னு முடிச்சுடுவாங்களே. ஒண்ணுன்னா ஜாஸ்தியா கம்மியான்னு இவரு கேட்டாரா இல்லியா? தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா உன் படிப்பு கொறஞ்சா பூடும்?"

ஒவ்வொரு சொல்லும் நியாயம். நின்றபடி கேட்டுக்கொண்டேன். பிறகு, வரும் வழியில் பேருந்தில் யோசித்ததைச் சொன்னேன். மீட்டரால் அவ்வளவு உப்பை அளக்க முடியாது. ஆனால் ஒரு பங்கு ஏரித்தண்ணீரில் நிறைய பங்கு கேன் தண்ணீரைக் கலந்து நீர்க்க வைத்தால் அளக்க முடியும். அதேபோல் கடல் தண்ணீரையும் கலந்து அளந்தால், இரண்டில் எது அதிக உப்பு என்று தெரிந்துவிடும்.

"அவ்ளோதானே" என்று கன்னியம்மா ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு கடல் பக்கம் போனார்.

என் வாழ்நாளின் முதல் பரிசோதனை அந்த வீட்டுச் சமையலறையில், கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் நடந்தது. அளவுக்குப் பாட்டில் மூடி. ஒரு மூடி ஏரித்தண்ணீர், இருபது மூடி கேன் தண்ணீர். முதலில் நான் ஊற்றினேன். எட்டாவது மூடியில் பாதி தரையில் போனது. ஒன்பதா பத்தா என்றும் மறந்துவிட்டது. கன்னியம்மா மூடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். தளும்பத்தளும்ப நிரப்பி, ஒரு சொட்டு சிந்தாமல், வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஊற்றினார். நான் மீட்டரைப் பிடிக்கும் வேலைக்கு மாற்றப்பட்டேன்.

மூன்று தடவை செய்தோம். மூன்று தடவையும் எல்லா இலக்கங்களும் திரையில் நின்றன. மூன்று தடவையும் ஏரி கடலைவிட உப்பாக இருந்தது. எவ்வளவு என்று இங்கே எழுதமாட்டேன். எண் எழுதி ஒருமுறை பட்டது போதும்.

தேசப்பன் குனிந்து திரையைப் பார்த்தார்.

"அப்ப கடத்தண்ணி உள்ள வந்தா ஏரித்தண்ணி உப்பு கொறையும்."

"ஆமாங்க."

"இதத்தானே சார் நேத்து படகுல சொன்னேன்."

திங்கட்கிழமை பொன்னேரியில் கூட்டம் நிறைந்திருந்தது. அதிகாரி என்னைவிட இளையவர், ஒரு பெண். மனுக்களை வேகமாகப் படித்தார், குறுக்கே பேசியவர்களைக் கையால் உட்காரவைத்தார். எங்கள் மனு வந்ததும் முதல் பக்கத்தில் நின்றார்.

"முகத்துவாரம் அடைச்சதால உப்பு அதிகமாயிடுச்சுன்னு மனு. ஆனா இணைச்சிருக்கிற கடிதத்துல ஒரு பேராசிரியரே ஏரி முழுக்கச் சீரா இருக்கு, உப்பு ஒண்ணுதான்னு எழுதியிருக்காரே?"

ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தேசப்பன் என்னைப் பார்க்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. எழுந்தேன்.

"மேடம், அது நான் எழுதினது. அது தப்பு. நான் பேராசிரியரும் இல்லை, உதவிப் பேராசிரியர்."

"எது தப்பு?"

"மீட்டர் அளக்க முடியலைன்னு காட்டினதை நான் அளவுன்னு எழுதிட்டேன். எனக்கு அந்த மீட்டரைப் படிக்கத் தெரியலை."

பின்வரிசையில் யாரோ சிரிக்க, அது முன்வரிசைவரை வந்தது. அதிகாரி சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் தேவலை.

"சனிக்கிழமை கையெழுத்துப் போட்டது தப்புங்கறீங்க. இன்னைக்கு வேற சொல்றீங்க. இது மட்டும் சரின்னு நான் எப்படி எடுத்துக்கறது?"

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. இந்தமுறை அதைச் சொல்லிவிட்டேன். "நீங்க நம்பணும்னு அவசியம் இல்லைங்க மேடம். எனக்கே என்மேல நம்பிக்கை இல்லை."

கன்னியம்மா கூடையோடு எழுந்து மேசையருகே போய்விட்டார். கூடையில் இரண்டு பாட்டில்கள், ஒரு கேன், தம்ளர்கள், மூடி.

"அவர நம்ப வேணாம் மேடம். நாங்க இங்கயே செஞ்சு காட்றோம். மிஷின நீங்களே புடிங்க, நம்பர நீங்களே படிங்க."

மேசையிலிருந்த கோப்புகளை ஒரு பக்கமாகத் தள்ளினார்கள். சபை முழுக்க எட்டிப் பார்த்தது. கன்னியம்மா ஒன்று, இரண்டு என்று எண்ணி ஊற்ற, பத்தாவது மூடியிலிருந்து பின்வரிசையும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தது. அதிகாரி மீட்டரைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, முதல் வேலையாக அலகு என்ன என்று படித்தார். எனக்கு உச்சியில் யாரோ குட்டியதுபோல் இருந்தது. பிறகு இரண்டு தம்ளரிலும் நனைத்தார். இரண்டு எண்களையும் தானே எழுதிக்கொண்டார்.

உடனே எதுவும் நடந்துவிடவில்லை. ஒரு வாரத்துக்குள் துறையின் ஆட்களை அனுப்பி முறைப்படி அளக்கச் சொல்லி மனுவில் குறிப்பு எழுதினார். என் கடிதத்தை என்னிடமே நீட்டி, குறுக்கே 'தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். முதல் கையெழுத்தைவிட இது நன்றாக விழுந்திருந்தது.

வெளியே வந்து ஒரு கடையில் மூவரும் சர்பத் குடித்தோம். தேசப்பன் ஐஸைக் கலக்கினார்.

"நீ ரயில் ஏறிப் போயிருவேன்னுதான் இவகிட்ட சொன்னேன்" என்றார்.

"ஸ்டேஷன் வரைக்கும் போனேங்க" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மீதி சர்பத்தைக் குடித்து முடித்தார்.

ஊருக்குத் திரும்பி, ஏரியின் அசல் உப்பைக் கணினியில் கொடுத்து ஓடவிட்டேன். என் அழகான நீரோட்டம் நின்றுபோனது. அவ்வளவு உப்பில் மின்துகள்கள் பட்டைமேல் மெல்லிய படலமாக அழுந்திவிடுகின்றன, நீரை இழுக்கும் வலு அவற்றுக்கு இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று லிஸ்பனுக்கு எழுதினேன். மதிப்பீட்டாளரின் கேள்விக்கு, "இல்லை, இப்போதுதான் அளந்தேன்" என்று பதில் எழுதினேன். சில வாரங்கள் கழித்து, தேவையில்லை என்று நான் விட்டிருந்த வெப்பத்தைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தேன். உப்பு கூடினால் மின்சாரம் அதிகம் பாயும், நீர் சூடாகும், அந்தச் சூடு நீரைத் தள்ளும். திரையில் நீர் மெல்ல அசைந்தது, முன்பு ஓடியதற்கு நேர் எதிர்ப்பக்கமாக. ஒன்பதாவது ஆண்டுக்கு வேலை கிடைத்துவிட்டது.

ஐப்பசி தொடக்கத்தில் ஒரு மதியம், நான் வகுப்பில் இருந்தபோது தேசப்பன் கூப்பிட்டார். மாணவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தேன்.

"சார், தோண்டிட்டாங்க. ஒரு படகு போற அகலந்தான். மறுபடி எப்ப மூடிக்குமோ தெரியாது. ஆனா தண்ணி உள்ள பூருது சார், கடத்தண்ணி. நான் முகத்துவாரத்துலதான் நிக்கிறேன். இரு, கேளு."

போனை அவர் நீரின் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். நான் காதோடு அழுத்திப் பிடித்துக் கேட்டேன்.

"கேக்குதா சார்?"

"இல்லைங்க. காத்துச் சத்தம் மட்டுந்தான் கேக்குது" என்றேன்.

அவர் சிரித்தார். பின்னால் கன்னியம்மா என்னவோ சொல்வது கேட்டது.

"அப்ப கெளம்பி வா சார்" என்றார். "எறா ஆக்கி வெக்கிறாளாம்."